தேடலில் வராதவர்

பம்பு என்று அடித்தால் நர்ஸுகள் வந்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் பம்பு மாட்டிவிடும் நர்ஸுகள். அவர்களுக்குப் பின்னால் பம்பு விற்றவர்கள், பம்புக்கு விளம்பரம் எழுதியவர்கள், பம்புக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவர்கள். பம்பைத் திறந்து உள்ளே கையை விட்டவன் ஒருவனும் வரவில்லை.

குக் மிரான் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். சாங்வொன் நகரத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. முதலாளியம்மா மா சுன்தொக்கும் மிரானும் என்று இரண்டே பேர். வேலை தேடுகிறவர்கள் தங்கள் பயோடேட்டாவை இணையத்தளங்களில் போட்டு வைக்கிறார்கள். மலையாகக் கிடக்கும் அந்தக் குவியலுக்குள் சரியான சொல்லைப் போட்டுச் சரியான ஆளை வெளியே இழுப்பது மிரானின் வேலை. கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பது மாதிரிதான். வாளி உள்ளேதான் கிடக்கும். கொக்கி மாட்டவேண்டும்.

"என்னடி, ஆள் சிக்கினானா?" என்றாள் சுன்தொக், எதிர் மேஜையிலிருந்து.

"நர்ஸ் வேணும்னா நிறைய இருக்காங்க அக்கா."

"எதுக்கு, மீனுக்கு ஊசி போடவா?"

மீன், ஓக் முதலாளியுடையது. கோஜே தீவில் கடற்கரையை ஒட்டித் தொட்டிகள் கட்டித் தட்டைமீன் வளர்க்கிறார். கடல்தண்ணீரைப் பம்புகள் ஓயாமல் இழுத்துத் தொட்டிகளுக்கு விட்டபடி இருக்கவேண்டும். பம்பு நின்றால் மீன் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் மாமனார் ஊருக்குப் போய் ஆப்பிள் தோட்டம் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டான். அன்றிலிருந்து ஓக் முதலாளி காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் போன் போடுகிறார்.

"அம்மா, நேத்துலருந்து மூணாவது பம்பு ஒரு மாதிரி கத்துது. எனக்கு மீன் பாஷை தெரியும், பம்பு பாஷை தெரியாது. சீக்கிரம் ஒரு ஆளப் புடிச்சுக் குடுங்க."

மிரான் முயலாமல் இல்லை. பராமரிப்பு என்று போட்டாள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாய்லர் பார்த்தவர்கள் ஊர்வலமாக வந்தார்கள். கடல்நீர் என்று போட்டாள். முத்துக்குளிப்பவர்கள்போல மூழ்கிச் சிப்பி எடுப்பவர்களும் கடற்பாசி வியாபாரிகளும் வந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டாள். நீச்சல்குளம் சுத்தம் செய்கிறவர் ஒருவர் வந்தார். தன்னை எங்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று எழுதியிருந்தார், பாவம்.

"உன் வீட்டுக்காரர் பம்பு ஆள்தானே, அவரக் கேளேன்" என்றாள் சுன்தொக்.

மிரான் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினாள்.

"வேலைக்குக் கூப்பிடுன்னு சொல்லலடி. அவர் பூஜாங், மீன் தொட்டிக்கா வரப்போறாரு. எந்தச் சொல்லப் போட்டா இந்த மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு கேளு. முப்பது வருஷம் அவரோட குடும்பம் நடத்தி இதுகூடத் தெரிஞ்சுக்கலயா நீ?"

பூஜாங் என்றால் ஒரு துறைக்கே தலைவர். மிரானின் கணவர் யோம் தேக்யூன் ஒரு பெரிய ரசாயனத் தொழிற்சாலையில் சிப்பந்தியாக நுழைந்து, படிப்படியாக ஏறிப் பூஜாங் ஆனவர். போன குளிர்காலத்தில் கம்பெனி அந்தத் துறையைச் சுருக்கியது. வயதானவர்களை ஒவ்வொருவராக அழைத்து, மரியாதையான வார்த்தைகள் சொல்லி, கையெழுத்து வாங்கி, கண்ணாடியில் பெயர் பொறித்த நினைவுப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அடுக்குமாடி வாசலில் காவல்காரர் இன்றும் "யோம் பூஜாங் ஐயா, வணக்கம்" என்றுதான் சொல்கிறார். அவரும் தலையை ஆட்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நகர நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருகிறார்.

அவரும் பயோடேட்டா போட்டிருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. "வயசாயிடுச்சுல்ல" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு சொல்லவில்லை.

வேலை போன புதிதில் சுன்தொக், "நான் பாத்து எங்கயாவது சேத்துவிடறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். மிரான் அதை வீட்டில் சொன்னபோது அவர் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"உங்க அக்காவுக்கு என் நன்றியச் சொல்லிடு. ஆனா யோம் வீட்டு மூத்தவன் பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டு வேலைக்குப் போனான்னு ஒரு பேச்சு வரக்கூடாது. எங்க சித்தப்பா காதுல விழுந்தா, பண்டிகைல முன்னோருக்குப் படைக்கற இடத்துல நான் நிமிந்து நிக்க முடியாது."

அவள் சரி என்று தலையசைத்தாள். கொடுத்த வாக்கு அது. மானம் என்பது அடுத்தவன் பார்வைக்காகச் சுமக்கும் மூட்டை என்று இக்காலத்தில் சிலர் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் அதைச் சுமந்து பார்த்ததில்லை. தேக்யூன் சுமந்தவர். அவர் முதுகு நேராக இருந்தது அதனால்தான் என்று மிரானுக்குத் தெரியும். அந்த முதுகை வளைக்க அவளுக்கு மனமில்லை.

ஆனால் அவரிடம் சொல்லாத ஒன்று அவள் நெஞ்சில் கிடந்தது. வசந்தகாலத்தில் ஒரு மத்தியானம், சுன்தொக் வெளியே போயிருந்த நேரம், அவள் கணவரைத் தேடிப் பார்த்துவிட்டாள். தொழிற்சாலை, இயந்திரம், பழுது, தண்ணீர் என்று என்னென்னவோ சொற்களைப் போட்டாள். அவர் வரவில்லை. கடைசியில் ஊரையும் வயதையும் பழைய கம்பெனியையும் போட்டபிறகுதான் வந்தார். இந்தத் தளங்களில் குடும்பப்பெயர் மட்டும் தெரியும், மீதிப் பெயருக்குப் பதில் வட்டங்கள் இருக்கும். யோம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள், யாரோ அந்நியரைப் போல.

"கண்டிப்பான தந்தைக்கும் அன்பான தாய்க்கும், இரண்டு ஆண் ஒரு பெண்ணில் மூத்தவனாகப் பிறந்தேன்" என்று தொடங்கியிருந்தது. அந்த நாட்டில் அவர் வயது ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தொடங்குவார்கள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். அதன்பின் நேர்மை, உழைப்பு, ஒற்றுமை. அதன்பின் எந்த வருஷம் எந்தப் பதவி என்று ஒரு நீள வரிசை. பூஜாங் என்பதோடு முடிந்தது. பம்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. அவர் கை என்ன செய்தது என்று ஒரு வரி இல்லை.

வீட்டை முன்னே நிறுத்தித் தன்னைப் பின்னே நிறுத்துவது மரியாதை தெரிந்தவன் செய்கிற காரியம். ஆனால் பயோடேட்டா தேடுகிற இயந்திரத்துக்கு மரியாதை தெரியாது. கேட்ட சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும். கேட்காமல் ஒருவருடைய பெட்டியைத் திறந்துவிட்டவளைப் போல மிரான் அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடினாள். மூடினது மூடினதுதான். சொல்லவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

சுன்தொக் அப்படிக் கேட்ட அன்று சாயங்காலம் மிரான் வீட்டுக்கு வந்தபோது தேக்யூன் தரையில் பழைய பேப்பரை விரித்து, நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக் குடல் எடுத்துக்கொண்டிருந்தார். குழம்புக்குச் சாறு காய்ச்ச. வேலைக்குப் போன நாளில் செய்ததில்லை. இப்போது அவளைவிடச் சுத்தமாகச் செய்கிறார்.

"தாசோல் அப்பா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்." பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அவள் கணவரைக் கூப்பிடுவாள்.

"என்ன, பாத்ரூம் லைட்டா?"

"இல்லங்க. ஆபீஸ் விஷயம்."

கருவாட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும்.

"உங்களுக்கு இல்ல" என்றாள் முந்திக்கொண்டு. "கோஜேல ஒரு மீன் பண்ணை. பம்பு பாக்க ஆள் வேணும். நான் தேடினா நர்ஸா வருது. எந்தச் சொல்லப் போடறதுன்னே எனக்குத் தெரியல. நெஜமாத்தான் கேக்கறேன்."

"என்ன போட்ட?"

"பம்பு."

அவர் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வந்த வாய்விட்ட சிரிப்பு அது, மேல்வீட்டுக்காரர்களுக்கும் கேட்டிருக்கும்.

"பம்பு பாக்கறவன் பம்புன்னு எழுதுவானாடி? நீ சமைக்கறேன்னு எழுதினா அரிசின்னா எழுதுவ?"

"பின்ன என்னதான் எழுதுவான்?"

"எது அவனத் தூங்க விடலயோ அத எழுதுவான்." நெத்திலித் தலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார். "அதிர்வு. பேரிங். தண்ணி கசியாம அடைக்கற சீல் ஒழுகறது. மோட்டார் தண்டும் பம்புத் தண்டும் ஒரே நேர்கோட்டுல நிக்குதான்னு பாக்கறது. அது ஒரு மயிரிழை விலகினாலும் நாலு மாசத்துல பேரிங் போயிடும். அந்த வேலையச் செஞ்சவன் அத எழுதாம இருக்க மாட்டான். வலிச்ச இடமாச்சே."

மிரான் மடிக்கணினியைக் கொண்டுவந்து பேப்பருக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்து உட்கார்ந்தாள்.

"இப்ப பாருங்க. பேரிங், அதிர்வு, சீல் மூணும் சேந்து இருக்கணும்னு போட்டுட்டேன்."

"இவ்வளவு பேரா? யார் இதெல்லாம்?"

"பேரிங் விக்கறவங்க."

"விக்கறவன வெளிய தள்ள முடியாதா?"

"முடியும். விற்பனைன்னு எழுதி முன்னாடி ஒரு கழித்தல் குறி போட்டா, அந்தச் சொல் இருக்கறவங்க எல்லாம் போயிடுவாங்க."

"போடு, போடு. முப்பது வருஷமா அவனுங்க வந்து என் மேஜையில காலண்டர் வச்சிட்டுப் போனானுங்க. ஒருத்தனையும் வெளிய தள்ள முடியல." கழித்தல் குறியை அவள் போட்டதும் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. அவர் கண்கள் விரிந்தன. "நல்ல ஏற்பாடா இருக்கே."

அதன்பின் அவரை நிறுத்த முடியவில்லை. பம்பை முழுக்கக் கழற்றிப் பூட்டுவதைப் பழைய ஆட்கள் ஓவர்ஹால் என்பார்கள், புதிதாக வந்தவர்கள் பிரித்துச் சேர்ப்பது என்று எழுதுவார்கள், ஆகையால் இதுவோ அதுவோ என்று இரண்டையும் போடு என்றார். கடல்தண்ணீர் என்று கேட்காதே, உப்பில் வேலை செய்தவன் துருவைத்தான் எழுதுவான் என்றார். கண்காணித்தேன் என்று எழுதியவன் தூரத்தில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தவன், அந்தச் சொல்லையும் வெளியே தள்ளு என்றார்.

"அது வேணாம்ங்க. கையால செஞ்சவங்களும் மரியாதைக்காக அப்படி எழுதுவாங்க. சல்லடைக் கண்ண ரொம்ப சின்னதாக்கினா நல்ல அரிசியும் நின்னுடும்."

"ஓ. அப்படியும் இருக்கா." கொஞ்சம் யோசித்தார். "சரி, விடு. உன் தொழில் உனக்குத் தெரியும்."

அவள் வேலையை அவர் தொழில் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மிரான் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் முப்பதுக்குக் கொஞ்சம் மேலே ஆட்கள் நின்றார்கள். நர்ஸ் ஒருத்திகூட இல்லை. தேக்யூன் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் படித்தார்.

"இவன் புளுகறான். ஆறு மாசத்துல இத்தன பம்பு ஓவர்ஹால் பண்ணானாம். பம்பு என்ன பட்டாணியா, உக்காந்து உரிக்க?"

"இவரு?"

"பரவால்ல. ஆனா பெருமை ஜாஸ்தி." அதைச் சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்தா, இவனப் பாரு. கிம்ஹேக்காரன். 'சத்தம் மாறியதைக் கேட்டு, நிற்பதற்கு முன்பே மாற்றினேன்'. இந்த ஒரு வரி போதும். நின்ன பிறகு ரிப்பேர் பண்றவன் தெருவுக்கு நாலு பேர் இருப்பான். நிக்கறதுக்கு முன்னாடி காதுல வாங்கினவன்தான் ஆளு. மீனுக்கு இவன்தான் வேணும்."

"நாளைக்கே கூப்பிடறேன்." மிரான் நிம்மதியோடு மடிக்கணினியை மூடப்போனாள்.

"மூடாத" என்றார்.

அவள் கை நின்றது.

"இந்தச் சொல்லுக்கெல்லாம் நானும் வரணுமே. எங்க நான்?"

"சாப்பிட்டுட்டுப் பாப்போங்க. பசிக்குது."

"ஊரு சாங்வொன்னு போடு. நான் மேல வருவேன்."

போட்டாள். நான்கு பேர் வந்தார்கள். அவர் நால்வரையும் படித்தார். திரும்ப மேலே போய் மறுபடியும் படித்தார். சமையலறையில் கரண்ட் குக்கர் சோறு வெந்துவிட்டதாக மணி அடித்து ஓய்ந்தது.

"நான் இல்ல."

"இல்லங்க."

"உனக்கு இது முன்னாடியே தெரியும்."

மிரான் பொய் சொல்லியிருக்கலாம். அவள் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது, இந்த மனிதருக்கு இப்போது செய்யக்கூடிய ஒரே மரியாதை உண்மைதான் என்று தோன்றியது.

"தெரியும். வசந்தத்துலயே பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே. கேக்காம சொன்னா, நான் உங்க கையப் புடிச்ச மாதிரி ஆயிடும்னு பயந்தேன்."

அவர் எழுந்து நெத்திலித் தலைகளைப் பேப்பரோடு சுருட்டிக் குப்பையில் போட்டார். கையைக் கழுவினார். கழுவி முடித்தும் குழாயை மூடாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மிரான் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. இதோடு இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டில் பேச்சு நின்றுபோகும் என்று நினைத்தாள்.

"கண்டிப்பான தந்தைன்னு எழுதியிருக்கேனே, அதப் படிச்சியா?" என்றார், குழாயைப் பார்த்தே.

"படிச்சேன்."

"எங்கப்பா கண்டிப்பானவர்தான்."

"தெரியாதா? நான் மருமகளா இருந்தேனே."

"அம்மா அன்பானவங்கன்னு எழுதினேன்."

"ஆமா."

"அது உண்மையில்ல."

"அதுவும் தெரியும்ங்க" என்றாள் மிரான். "மருமகளா இருந்தேனே."

அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறி எழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தபடியே குழாயை மூடினார். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து நூலகத்துக்குப் போகும்போது பேனாவும் எடுத்துக்கொண்டு போனார். என்ன எழுதுகிறார் என்று அவள் கேட்கவில்லை, அவர் காட்டவும் இல்லை. ஆனால் சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் திடீர் திடீரென்று கேள்வி வந்தது.

"ஒண்ணு கேக்கறேன். என் விஷயம் இல்ல, பொதுவாக் கேக்கறேன். பூஜாங்னு தேடறவங்க இருப்பாங்களா?"

"பொதுவாச் சொல்றேன். இருப்பாங்க, ஆனா கொஞ்சம். சின்னக் கம்பெனிங்கள்ல பூஜாங்குக்குக் கீழ வேலை செய்ய ஆளே கிடையாது. அவங்களுக்கு வேலை தெரிஞ்ச ஆள் வேணும்."

"ம்."

இரண்டு நாள் கழித்து: "பொதுவா, ஒரு ஆள் அவன் கம்பெனில மட்டும் வழங்கற பேர எழுதினா? நாங்க கூலிங் பம்புகள வயசு வரிசையில பெரியவன், நடுவன், கடைக்குட்டின்னுதான் சொல்லுவோம்."

"கடைக்குட்டின்னு உலகத்துல யாரும் தேட மாட்டாங்க."

"நல்ல பம்பு அது. ரொம்ப அடம் புடிக்கும்."

"அடம் புடிச்சப்ப என்ன செஞ்சீங்கன்னு எழுதலாம். பொதுவா."

அவர் பல் விளக்கும் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்து நின்றார்.

இதற்கிடையில் கிம்ஹேக்காரர் கோஜேக்குப் போய், மூன்றாவது பம்பின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து நாள்கூடத் தாங்காது" என்றாராம். ஓக் முதலாளி அன்றே அவருக்கு அறை ஒழித்துக் கொடுத்துவிட்டார். ஆபீஸுக்கு ஒரு பெட்டி நிறைய மீன் அனுப்பினார். சுன்தொக்குக்கு வாயெல்லாம் பல். அதே சொற்களை வைத்து வேறொரு தொழிற்சாலைக்கு ஆள் தேட உட்கார்ந்தாள்.

"அடியே மிரான், இங்க வா."

திரையில் யோம் என்ற எழுத்தும் இரண்டு வட்டங்களும். சாங்வொன். ஐம்பத்தெட்டு வயது. முதல் வரிசையில் முதல் ஆள்.

மிரான் நின்றபடியே படித்தாள். "குளிர்விக்கும் நீர்ப் பம்புகளை ஓவர்ஹால் செய்தேன். பேரிங் மாற்றினேன். சீல் ஒழுகலுக்குக் காரணம் சீல் அல்ல, தண்டின் விலகல் என்று கண்டு நேர்செய்தேன். அதன்பின் அந்தப் பம்பு ஒழுகவில்லை. அதிர்வைக் கருவியால் அளந்தேன். கருவி வருவதற்கு முன் கையால் அளந்தேன்." இப்படியே ஒரு பக்கம். பதவிகள் கீழே போயிருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், வீட்டைப் பற்றிய இடத்தில், ஒரே ஒரு வரி: "கண்டிப்பான தந்தையின் மூத்த மகன்." தாயைப் பற்றி ஒன்றும் இல்லை.

மிரானுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. எதை முதலில் மறைப்பதென்று தெரியவில்லை.

"உன் வீட்டுக்காரர்தானே?" என்றாள் சுன்தொக். "என்னமா எழுதியிருக்கார்! நான் இப்பவே கூப்பிடறேன். போஹாங்ல ஒருத்தர் இந்த மாதிரி ஆளுக்குத் தவம் கெடக்கார்."

"வேணாம் அக்கா."

"என்ன வேணாம்?"

"நம்ம ஆபீஸ்லருந்து போகக்கூடாது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"பைத்தியமாடி நீ? நான் கூப்பிட்டா என்ன, ஊருக்குள்ள வேற எவனோ கூப்பிட்டா என்ன? வேலை வேலைதானே?"

"உங்களுக்கு அப்படி. அவருக்கு அப்படி இல்ல."

"ஆம்பளைங்க ரோஷத்துக்கு நீ ஏன்டி கம்பளம் விரிக்கற?"

"ரோஷம் அவருதுதான். ஆனா அந்த வீடு என்னுதும்தான் அக்கா" என்றாள் மிரான். "அவர் சொல்லிக் குடுத்த சொல்லாலதான் நமக்கு ஓக் முதலாளி நிலைச்சார். அதுக்குப் பதிலா இது ஒண்ண விடுங்க."

சுன்தொக் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளும் ஒரு பெரிய வீட்டு மருமகளாக இருந்து, கணவனை இழந்து, தனியாக எழுந்து நின்றவள்தான்.

"சூசோக் அறுவடைப் பண்டிகை முடியறவரைக்கும் தொட மாட்டேன். அதுவரைக்கும் எவனும் கூப்பிடலன்னா நான் கூப்பிடுவேன். அப்ப வந்து அழாத."

பண்டிகைக்கு அதிக நாள் இல்லை. யாரும் கூப்பிடவில்லை. மிரான் ஒவ்வொரு காலையும் ஆபீஸில் நுழைந்ததும் அவர் பெயர் தேடலில் நிற்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். நின்றது. இழுத்தால் வந்துவிடுகிற தூரத்தில் நின்றது. தன் மனிதரைத் தானே கூப்பிடாமல், அடுத்தவர் கூப்பிடட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவரும் எதையும் கேட்கவில்லை. ஆனால் குளிக்கப் போகும்போதுகூடக் கைபேசியைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார்.

பண்டிகைக்கு முந்தின தினம் மிரான் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, முன்னோருக்குப் படைக்கும் பலகாரங்களைச் செய்துகொண்டிருந்தாள். மீன் துண்டுகளை மாவிலும் முட்டையிலும் தோய்த்துத் தட்டையாகப் பொரித்து எடுக்கவேண்டும். தேக்யூன் பக்கத்தில் உட்கார்ந்து மாவில் தோய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மறுநாள் சித்தப்பா குடும்பத்தோடு வருகிறார். என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்பார். அந்தக் கேள்வி இருவருக்கும் நடுவில், எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கைபேசி அடித்தது. கை முழுக்க மாவு. அவர் முழங்கையால் அதைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். தெரியாத எண்.

"எடுங்க" என்றாள் மிரான்.

"ஆமா, யோம் தேக்யூன்தான் பேசறேன்."

மிரான் அடுப்புக்கு மேலே இரைந்துகொண்டிருந்த புகைபோக்கியை நிறுத்தினாள். அடுப்பையும் அணைத்தாள். சன்னமாக ஒரு பெண் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. தேக்யூனின் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தாள். காய்ந்த துணி வைத்திருந்த கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கூடையில் இரண்டு குளியல் துண்டுகள்தான் இருந்தன. அவற்றை மடித்தாள், உதறினாள், மறுபடி மடித்தாள்.

கண்ணாடி வழியாக அவர் பேசுவது அரைகுறையாகக் கேட்டது. "இல்லம்மா, அது சீல் குத்தம் இல்ல." பிறகு, "முதல்ல அடித்தளத்தப் பாக்கணும், அடித்தளம் அசைஞ்சா மேல என்ன செஞ்சாலும் நிக்காது." மாவுக் கையால் மேஜையைத் தட்டி ஏதோ ஒரு தாளத்தைக் காட்டினார். எதிரில் இருப்பவளுக்குக் கை தெரியாது என்பதையே மறந்துவிட்டார். பூஜாங் என்ற சொல் ஒரு தடவையும் அவள் காதில் விழவில்லை.

பேச்சு நின்றது. மிரான் துண்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உல்சான்லருந்து ஒரு பொண்ணு" என்றார் தேக்யூன். "ஆள் தேடற ஆபீஸாம். ஒரு கம்பெனில பம்பு ஒண்ணு வருஷக்கணக்கா ஒழுகுதாம். பண்டிகை முடிஞ்சு வந்து பாக்கச் சொல்றாங்க. புடிச்சிருந்தா அங்கயே தங்கணும், வாரக்கடைசில வீட்டுக்கு வரலாம்."

"போறீங்களா?"

"பம்ப முதல்ல பாக்கறேன்." கொஞ்சம் தயங்கினார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு கேட்டேன். சாங்வொன்ல குக் மிரான்னு ஒரு அம்மாவத் தெரியுமான்னு."

மிரான் கையிலிருந்த துண்டுகளைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னா?"

"யாரு அதுன்னு கேட்டா."

"எனக்கும் உல்சான்ல ஒருத்தரையும் தெரியாதுங்க."

"நெஜமா?"

"உங்கப்பா மேல ஆணை."

அவர் தலையை ஆட்டினார். எதையோ இறக்கி வைத்தவர்போல ஒரு மூச்சு விட்டார். மீன் துண்டு ஒன்றை எடுத்து மாவில் புரட்டினார்.

"நல்ல பொண்ணு. சரியான சொல்லுதான் போட்டுத் தேடியிருக்கு. ஆனா தண்டு விலகல்னா என்னன்னே அதுக்குத் தெரியல. யாரோ எழுதிக் குடுத்ததப் பாத்து அடிச்சிருக்கு. பாவம், நான்தான் விளக்கிச் சொன்னேன்."

"அவளுக்கு வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இல்ல போல" என்றாள் மிரான்.

தேக்யூனின் காது நுனி வரை சிவந்து போயிருந்தது. மாவில் தோய்த்த துண்டை அவள் பக்கம் நீட்டினார்.

"அடுப்பு அணைஞ்சு கெடக்கு, ஏத்து. சித்தப்பா காலைலயே வந்துடுவார்."